பாவ்லோவின் நாய்களும் அம்மாவின் சில்வெஸ்டர் இரவும்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாவ்லோவின் நாய் பற்றி வீட்டுப்பாடம். மணியடித்தால் நாய்க்கு வாயூறும், அவ்வளவுதானே என்று என்னிடம் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது டிசம்பர் கடைசி. சில்வெஸ்டருக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கவே தெருவில் பெடியள் ரொக்கெட் வெடி கொளுத்தத் தொடங்கியிருந்தார்கள். முதல் சத்தத்துக்கே அம்மா ஜன்னலை விட்டு விலகிச் சுவரோரமாகப் போய்க் குந்திவிட்டா. 30 வருடமாக ஜேர்மனியில் இருக்கிறா. இது ஷெல் இல்லை என்று அவவுக்கு நல்லாத் தெரியும். பிறகேன் அப்பம்மா பயப்படுறா என்று மகள் அடுத்த கேள்வியைப் போட்டாள்.

அந்த நாய்க்கார மனிதரின் கதையை முழுசாகச் சொன்னால் இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும் என்று நினைத்தேன்.

இவான் பாவ்லோவ் 1849 இல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மூத்த மகனாகப் பிறந்தார். சின்ன வயதில் உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டதால் 11 வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். எங்கட வீடுகளில் பிள்ளையை டொக்டராக்கத் துடிக்கிற மாதிரி அங்கே பாதிரியாராக்கத் துடித்தார்கள். குருமடத்திலும் சேர்த்தாயிற்று. ஆனால் மூளையின் அனிச்சைச் செயல்கள் பற்றி செச்செனோவ் எழுதிய புத்தகம் பெடியனின் கையில் அகப்பட்டது. 1870 இல் குருமடத்தை விட்டு பீட்டர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்கு விஞ்ஞானம் படிக்கப் போய்விட்டார்.

அவருடைய கதையில் ஜேர்மனியும் வருகிறது. 1884 முதல் 1886 வரை லைப்சிக்கில் கார்ல் லுட்விக்கிடமும், அப்போது ஜேர்மன் நகரமாயிருந்து இப்போது போலந்தில் இருக்கிற பிரெஸ்லாவில் ருடோல்ஃப் ஹைடன்ஹைனிடமும் வேலை பழகினார். ஹைடன்ஹைன் நாயின் இரைப்பையில் ஒரு பகுதியைத் தனிப் பையாகப் பிரித்து, சமிபாட்டு நீர் எப்படிச் சுரக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழி செய்திருந்தார். அதில் நரம்பு அறுந்துபோகும். பாவ்லோவ் ஊர் திரும்பி, நரம்பை அறுக்காமலே அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்து காட்டினார். 1904 இல் கிடைத்த நோபல் பரிசு இந்தச் சமிபாட்டு ஆராய்ச்சிக்குத்தான். பலபேர் நினைக்கிற மாதிரி வாயூறின நாய்க்கு இல்லை. ஆராய்ச்சிக்கூடத்துச் செலவுக்கு நாய்களின் இரைப்பை நீரைப் போத்தலில் அடைத்து வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக விற்றதும் நடந்தது. அந்த நாய்கள் பட்ட பாட்டை நான் மறைக்க வரவில்லை.

வாயூறும் விஷயம் முதலில் அவருக்கு ஒரு தொல்லையாகத்தான் வந்தது. நாயின் உமிழ்நீர்க் குழாயைக் கன்னத்துக்கு வெளியே திருப்பிவிட்டுச் சொட்டுச் சொட்டாக அளந்துகொண்டிருந்தார்கள். சாப்பாடு வாயில் பட முதலே, கொண்டுவருகிறவரின் காலடிச் சத்தத்துக்கே எச்சில் வடிந்து கணக்கெல்லாம் பிழைத்தது. வேறு ஆளென்றால் சலித்துக்கொண்டு விட்டிருப்பார். பாவ்லோவ் அதையே மிச்ச வாழ்நாளின் வேலையாக எடுத்துக்கொண்டார். மெட்ரோனோம், மின்சாரச் சத்தம், வெளிச்சம் என்று ஒரு அடையாளத்தைக் கொடுத்து, உடனே இறைச்சித் தூளைக் கொடுத்தார். மணி பிற்காலத்தில்தான் பேர்பெற்றது. சில தடவைக்குப் பிறகு அடையாளம் மட்டும் போதும், எச்சில் வந்தது. ஒழுங்கு முக்கியம்: அடையாளம் முந்தவேண்டும், சாப்பாடு பிந்தவேண்டும். மாற்றிச் செய்தால் பழக்கம் பிடிக்காது.

இதைச் சொல்லும்போதே ஊர் ஞாபகம் வந்தது. ஹெலிச் சத்தம் முந்தும், குண்டு பிந்தும். அந்த இடைவெளியில்தான் பங்கருக்கு ஓடுவோம். எங்கட சனத்துக்கு யாரும் ஆராய்ச்சிக்கூடம் கட்டவில்லை, ஆனால் பாடம் அதே ஒழுங்கில்தான் நடந்தது. ஒரு சத்தத்துக்குப் பழகின நாய் அதைப் போன்ற வேறு சத்தத்துக்கும் எச்சில் விடும் என்பதையும் பாவ்லோவ் கண்டார். நோயாளி ஏற்ற வருகிற மஞ்சள் ஹெலிக்கும் சில்வெஸ்டர் ரொக்கெட்டுக்கும் அம்மா ஒதுங்குவது அப்படித்தான்.

இந்த இடத்தில் ஜேர்மன் படிக்கிற பிள்ளையளுக்கு ஒரு வசதி உண்டு. மகளின் புத்தகத்தில் 'பெடிங்டர் ரிஃப்லெக்ஸ்' என்று இருந்தது. பெடிங்ட் என்றால் ஒரு நிபந்தனையில் தங்கியிருப்பது. பாவ்லோவின் ரஷ்யச் சொல்லுக்கும் அதே கருத்துத்தான். ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் அது, பழக்கி முடிக்கப்பட்டது என்கிற தொனிக்கு மாறிவிட்டது.

நிபந்தனை போனால் பழக்கமும் போகுமா? மெட்ரோனோமை மட்டும் அடித்துச் சாப்பாடு கொடுக்காமல் விட்டால், எச்சில் குறைந்து குறைந்து நின்றுவிடும். ஆனால் நாயைக் கொஞ்ச நேரம் ஓய்வாக விட்டுத் திரும்ப அடித்தால் எச்சில் மறுபடி வரும். ஆகவே அது அழியவில்லை, மேலே ஒரு தடை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று பாவ்லோவ் முடிவெடுத்தார்.

1924 செப்டெம்பர் 23 அன்று, அவருக்கு 75 வயது நிறைய மூன்று நாள் இருக்க, லெனின்கிராட்டில் நேவா ஆறு பெருகியது. நாய்க்கூடுகளுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது. கூட்டு வாசல் தண்ணீருக்குக் கீழே போனதால், நீந்திக்கொண்டிருந்த நாய்களைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. அவை உயிர் தப்பின. ஆனால் சில நாய்கள் பழகின எல்லாவற்றையும் தொலைத்துவிட்டன. அதில் ஒன்று ஆராய்ச்சி மேடையில் சாப்பாட்டையே தொடவில்லை. பழக்குகிறவர் அறைக்குள் வந்து அதோடு கூட இருந்தபோதுதான் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. தேறிவிட்டது என்று நினைத்திருக்க, ஒருநாள் கதவுக்குக் கீழால் கொஞ்சத் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். நாய் பதறிப்போய்த் திரும்ப எல்லாவற்றையும் இழந்தது.

பாவ்லோவ் அதற்குப் பிறகு நரம்புத் தளர்ச்சி பற்றியே அதிகம் யோசித்தார். 1936 பெப்ரவரியில் 86 வயதில் நிமோனியாவால் இறந்துபோனார்.

கதவுக்குக் கீழால் ஓடின தண்ணீர்தான் மகளுக்குப் பிடித்தது. தண்ணீர் கொஞ்சம்தானே, நாய்க்கு அது தெரியாதா என்று கேட்டாள். தெரிந்திருந்தாலும் பதறியிருக்கும் என்றேன். அவள் அப்பம்மாவின் அறைப் பக்கம் பார்த்தாள், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இது வெறும் வெடிதானம்மா, இது ஜேர்மனி, பயப்பட என்ன இருக்கு என்று வருடா வருடம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை வீடுகளில் இதே வசனம் சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததையே திருப்பிச் சொல்லி அம்மாவை வெட்கப்படுத்தினதைத் தவிர அதனால் ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை நான் சொல்லவில்லை. 31 ஆம் திகதி இரவு தெருப்பக்க அறையை விட்டுக் குசினியில் மூன்று பேரும் இருந்து தாயம் விளையாடினோம். 12 மணிக்கு அம்மா ஒருக்கா எழும்பினா. மகள் கையைப் பிடித்து, உங்கட ஆட்டம் அப்பம்மா என்றாள். அம்மா நின்றபடியே சோழியை உருட்டினா.