இடிக்குத் தப்பிய பொபி ஜோன்ஸ்

கோல்ஃப் எங்கள் சனத்தின் விளையாட்டு அல்ல. நானும் அந்தத் தடியை ஒருநாளும் கையில் பிடித்ததில்லை. ஆனாலும் அமெரிக்க வீரர் பொபி ஜோன்ஸின் வாழ்க்கையைப் படித்தபோது, அவர் வென்ற கிண்ணங்களை விட, அவர் தப்பிய இடியும் தப்ப முடியாமற்போன நோயும்தான் என் மனதில் நின்றன.

1902 மார்ச் 17 ஆம் திகதி அட்லாண்டாவில் பிறந்தவர். சிறுவயதில் நோஞ்சான் பிள்ளை. படித்துச் சட்டத்தரணியானார். பணத்துக்காக அவர் போட்டிகளில் விளையாடவில்லை. இளவயதில் கடும் கோபக்காரர். 1921 இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் மைதானத்தில், ஆட்டம் சரிவராததால் போட்டியை இடைநடுவில் கைவிட்டார். நான்கு வருடங்களின் பின், அமெரிக்க ஓபன் போட்டியில் பந்து சற்று அசைந்ததை வேறு யாரும் காணாதபோதும், தானே சொல்லித் தனக்கு ஒரு தண்டப்புள்ளி போட்டுக்கொண்டார். கடைசியில் கிண்ணம் கைநழுவியது.

1929 இல் அட்லாண்டாவின் ஈஸ்ற் லேக் மைதானத்தில் நண்பர்களுடன் விளையாடும்போது இடிமின்னல் தொடங்கியது. திறந்த வெளி, உயர்ந்த மரங்கள், கையில் கோல்ஃப் தடிகள். எல்லோரும் கழகக் கட்டடத்தை நோக்கி ஓடினார்கள். அவர் கட்டடத்தை நெருங்கியபோது இடி அதன் புகைபோக்கியில் விழுந்தது. சிதறிய செங்கல் குடையைப் பிய்த்து, சட்டையைக் கிழித்து, தோளில் ஆறு அங்குல நீளத்துக்குக் காயம் போட்டது. சற்று விலகி விழுந்திருந்தால் தலை போயிருக்கும். ஷெல்லடிக்குள் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்த ஆண்டே, 1930 இல், பிரித்தானியாவினதும் அமெரிக்காவினதும் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே பருவத்தில் வென்றார். மினியாபொலிஸில் நடந்த போட்டியில் கொடும் வெயில். வியர்வையில் இறுகிப்போன கழுத்துப்பட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில், 28 வயதில், போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் ஒகஸ்டா மைதானத்தை உருவாக்கினார். இரண்டாம் உலக யுத்தத்தில் அங்கே மாடுகள் மேய்ந்தன. நாற்பது வயதைத் தாண்டியிருந்த ஜோன்ஸ் வற்புறுத்திக் களத்துக்குப் போய், 1944 இல் நோர்மண்டியில் தரையிறங்கினார்.

யுத்தத்திலிருந்து உயிரோடு திரும்பியவரை முள்ளந்தண்டு நோய் பிடித்தது. இடியால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1948 இல் கடைசியாக விளையாடினார். பிறகு ஊன்றுகோல், அதன்பின் சக்கர நாற்காலி. பந்து விழுந்த இடத்தில் கிடக்கிறபடியே அடிக்க வேண்டும் என்பது கோல்ஃபின் பழைய விதி. அவரும் அப்படித்தான் வாழ்ந்தார். முள்ளந்தண்டில் காயப்பட்டும் கடை நடத்துகிற, பிள்ளைகளைப் படிப்பிக்கிற எங்கள் ஆட்களை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியைப் படித்தேன். தப்பிப் பிழைப்பது ஒரு கணத்தின் வேலை. அதற்குப் பிந்திய இருபது, முப்பது வருடங்களை ஒவ்வொரு நாளாக வாழ வேண்டும். அதற்குக் கிண்ணம் கொடுப்பவர் இல்லை.

ஜோன்ஸுக்கு ஒன்று கிடைத்தது. கோபத்தில் விட்டுப்போன அதே சென் அன்ட்ரூஸ் நகரம் 1958 இல் அவரைத் தன் கௌரவப் பிரஜையாக்கியது. பெஞ்சமின் பிராங்ளினுக்குப் பிறகு அந்த மதிப்பைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்தான். அப்போது அவர் நடக்கவே சிரமப்பட்டார். 1971 டிசெம்பர் 18 ஆம் திகதி, 69 வயதில் காலமானார்.