மழையில் நின்ற வெற்றி வீரர்

விளையாட்டில் வென்றவருக்கு மேடை போட்டுப் பரிசு கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வென்றவரை வெளியே மழையில் நிற்க வைத்துப் பரிசு கொடுத்த கதை தெரியுமா? அவர்தான் தென்னாப்பிரிக்காவின் கோல்ஃப் வீரர் பாப்வா செகோலம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860 முதல் இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டனர். அங்குள்ள டர்பன் நகரில், ஏழை இந்தியக் குடும்பம் ஒன்றில் பாப்வா பிறந்தார். சிறு வயதிலேயே வேலைக்குப் போக வேண்டிய நிலை. பீச்வுட் கோல்ஃப் மைதானத்தில், வெள்ளையர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை கிடைத்தது. சுமந்தபடியே ஆட்டத்தைக் கவனித்தார். தானாகவே ஆடக் கற்றார்.

கோல்ஃபில் சிறு பந்தை மட்டையால் அடித்துக் குழிகளில் விழச் செய்ய வேண்டும். மொத்தம் 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்கும். பாப்வாவின் பிடியோ நேர்மாறானது! சொல்லித்தர ஆள் இல்லாததால் வந்த பழக்கம் அது. ஆனால், பந்து மட்டும் அவர் நினைத்த இடத்துக்கே போனது.

அவரது திறமையைக் கண்டு வியந்தார், கிரஹாம் வுல்ஃப் என்ற வேதியியலாளர். தமது சிறிய விமானத்திலேயே பாப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959ல் நெதர்லாந்தின் டச்சு ஓபன் போட்டியில், யாருமே அறியாத பாப்வா வென்றார். 1960லும் 1964லும் அதே பட்டத்தை மீண்டும் பெற்றார்.

'ஓபன்' என்றால் திறந்த போட்டி என்று பொருள். தொழில்முறை வீரர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஆடலாம். ஆனால், அன்று தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டங்கள் இருந்தன. வெள்ளையர் ஆடும் நேட்டால் ஓபனில் இந்தியர் ஒருவர் ஆடுவது எளிதல்ல. பெரும் முயற்சிக்குப் பின், பாப்வாவுக்கு அனுமதி கிடைத்தது. 1963 ஜனவரியில், டர்பனில் நடந்த அந்தப் போட்டியில் வெள்ளைக்கார வீரர்களை எல்லாம் முந்தி அவரே வென்றார்.

பரிசளிப்பு நேரத்தில் மழை பெய்தது. வெள்ளையர்கள் மன்றக் கட்டடத்துக்குள் இருந்தனர். இந்தியர் உள்ளே வரக்கூடாது என்பதால், வென்றவர் வெளியே நனைந்தபடி கோப்பையைப் பெற்றார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வெளியானது. நிறவெறியின் கொடுமையை அது ஊரறியச் செய்தது.

1965ல் அவர் மீண்டும் நேட்டால் ஓபனை வென்றார். இம்முறை தோற்றவர்களில் ஒருவர், உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயர்! தோற்கடிக்க முடியாதவரைத் தடுத்துவிட்டது அரசு. உள்நாட்டுப் போட்டிகளில் ஆடத் தடை விதித்தது, பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது. ஆட்டமே பிழைப்பாக இருந்தவருக்கு வருமானம் நின்றது. வறுமையில் வாடிய பாப்வா, 1978ல் மாரடைப்பால் காலமானார்.

1994ல் நிறவெறி ஆட்சி முடிந்து, நெல்சன் மண்டேலா அதிபரானார். அந்த நாளைப் பார்க்கப் பாப்வா இல்லை. டர்பனில் உம்கேனி ஆற்றோரம் உள்ள கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களே! உங்கள் தெருவிலோ பள்ளியிலோ விளையாடும்போது, யாராவது ஒருவர் ஓரமாக நின்று ஏக்கத்தோடு பார்த்தால், அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக் கொள்ளுங்கள். எல்லோரும் ஆடினால்தானே அது திறந்த போட்டி!