சர்தானா தந்த சம்ரு பேகம்

ஆவடி வட்டாரத்தில் படைத்துறைப் பணியில் இருப்போர்க்கு மீரட் பழகிய பெயரே. அந்நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் சர்தானா என்னும் ஊர் உள்ளது. அங்கே வரப்பிரசாத மாதாவின் திருக்கோயிலைக் கட்டிய பெருமாட்டி சம்ரு பேகம்.

1750-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த இவர், இளமையில் டில்லியில் நடன மங்கையாக இருந்தார். பின்னர் வால்ட்டர் ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியப் படைத்தலைவரின் வாழ்க்கைத் துணையானார். 1778-ல் அவர் இறக்கவே, படையும் சர்தானா ஜாகீரும் பேகத்தின் பொறுப்பில் வந்தன. 1781-ல் ஆக்ராவில் ஞானஸ்நானம் பெற்று ஜொவான்னா என்னும் பெயர் பூண்டார்.

வாழ்வில் சோதனைகளும் குறைவில்லை. 1795-ல் சொந்தப் படையினரே கலகம் செய்தனர். இரண்டாம் கணவர் உயிரிழந்தார், பேகம் சிறைப்பட்டார். முன்பு அவரிடம் சேவகம் செய்து, மனத்தாங்கலுடன் பிரிந்து போயிருந்த ஜார்ஜ் தாமஸ் என்னும் அயர்லாந்து வீரரே ஓடிவந்து அவரை மீட்டார். சேவகரால் வந்த துன்பம் சேவகராலேயே நீங்கிற்று.

1822-ல் பேகம் எழுப்பிய ஆலயம் நிறைவெய்தியது. 1836 ஜனவரி 27-ஆம் நாள் இறைவனடி சேர்ந்த அவர், அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இத்தாலியச் சிற்பி அடாமோ தடோலினி வெண்பளிங்கில் வடித்த நினைவுச் சின்னத்தின் உச்சியில் பேகம் அமர்ந்திருக்கிறார். கீழே அவருடைய வளர்ப்பு மகன் டைஸ் சோம்பர், ஆன்ம குருவாயிருந்த ஆயர் ஜூலியஸ் சீசர், திவான் ராய் சிங், குதிரைப்படைத் தளபதி இனாயத்துல்லா ஆகியோர் நிற்கின்றனர். கத்தோலிக்க ஆலயத்தினுள்ளே இந்துவான திவானும் இஸ்லாமியரான தளபதியும் தம் தலைவியோடு நிலைத்த இடம் பெற்றிருப்பது வியப்புக்குரியதன்றோ!

1851-ல் லண்டனில் மறைந்த டைஸ் சோம்பரின் உடலும் 1867-ல் இங்கு கொண்டுவரப்பட்டு அன்னையருகே அடக்கம் செய்யப்பட்டது. பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1961-ல் இவ்வாலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

பெரியோருக்குக் கல்லறை எழுப்புவது உலக வழக்கம். அவர்களுக்கு உழைத்தோரையும் அதில் சேர்ப்பது அரிது. கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, நம் வீட்டு முன்னோரோடு, பெயர் பொறிக்கப்படாமல் நம் பங்குக்கு உழைத்து மறைந்த எளியோரையும் நினைத்து மன்றாடுவோமாக.