விண்வெளியை அளந்த ஹபிள்

முகிலற்ற இரவில் வானத்தை உற்று நோக்குவோர்க்கு விண்மீன்களினிடையே புகைபோன்ற ஒளித்திட்டுகள் சில புலப்படும். ஆந்திரோமெடா என்னும் விண்மீன் குழுவில் தோன்றும் திட்டு அவற்றுள் ஒன்று. இவை நமது பால்வழி மண்டலத்துள் அடங்கிய வளிமுகில்களா? அன்றி, அதற்கு அப்பாலுள்ள வேறு விண்மீன் மண்டலங்களா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானநூல் அறிஞர் இரு சாராராய் நின்று வாதிட்டனர். அவ்வழக்கைத் தீர்த்துவைத்தவர் எட்வின் ஹபிள் ஆவார்.

ஹபிள் 1889ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள மார்ஷ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்றபின், தந்தையார் விருப்பத்திற்கிணங்க ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் கற்றார். 1913இல் தந்தையார் மறைந்தார். தாயகம் திரும்பிய ஹபிள் சிறிது காலம் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றினார். எனினும் அவருள்ளம் விண்ணையே நாடியது. மீண்டும் சிகாகோ சென்று வானநூல் பயின்று, 1917இல் டாக்டர் பட்டம் பெற்றார். முதல் உலகப்போரில் படைப்பணி ஆற்றியபின், 1919இல் கலிபோர்னியாவின் வில்சன் மலை வானாய்வுக் கூடத்தில் சேர்ந்தார். அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிதாகிய 100 அங்குலத் தொலைநோக்கி அங்கே இருந்தது.

1923 அக்டோபரில் ஆந்திரோமெடாத் திட்டின் நிழற்படத்தில், ஒளி கூடிக்குறையும் செஃபீடு வகை விண்மீன் ஒன்றை ஹபிள் கண்டார். இவ்வகை விண்மீன்கள் ஒருமுறை ஒளி கூடிக்குறைய ஆகும் காலத்தைக் கொண்டு அவற்றின் உண்மையான ஒளிவலிமையை அறியலாம் என்பதை ஹென்ரியேட்டா லெவிட் அம்மையார் முன்னரே கண்டறிந்திருந்தார். ஒரு விளக்கின் வலிமை தெரிந்தால், அது எவ்வளவு மங்கித் தோன்றுகிறது என்பதிலிருந்து அதன் தொலைவைக் கணக்கிடலாம் அன்றோ? அவ்வாறே கணக்கிட்ட ஹபிளுக்கு ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு என்னும் விடை கிடைத்தது. உண்மைத் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு எனப் பின்வந்தோர் திருத்தினர். ஆயினும் அத்திட்டு பால்வழிக்கு அப்பாலுள்ள தனி மண்டலம் என்னும் முடிவு நிலைபெற்றது.

பின்னர் ஹபிள் விண்மீன் மண்டலங்களை நீள்வட்டம், சுருள், ஒழுங்கற்றவை என வடிவால் வகுத்து, 1926இல் வெளியிட்டார். 1929இல், தொலைவு மிகுந்த மண்டலங்கள் நம்மை விட்டு மிகுந்த விரைவுடன் விலகுகின்றன என்று காட்டினார். அண்டம் விரிகின்றது என்பதற்கு இஃது உறுதியான சான்றாயிற்று.

1953 செப்டம்பர் 28ஆம் நாள் ஹபிள் காலமானார். 1990இல் விண்ணில் ஏவப்பெற்ற தொலைநோக்கி ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளி பல கோடி ஆண்டுகட்கு முன் புறப்பட்டதாகலின், மண்டலங்களின் இளமைக் கோலத்தை அத்தொலைநோக்கி காட்டியது. தொடக்கத்தில் அவை சிறியனவாய், ஒழுங்கற்ற வடிவினவாய் இருந்தன. ஈர்ப்பு விசையால் வளியைத் திரட்டியும் ஒன்றோடொன்று இணைந்தும் அவை வளர்ந்தன. சுருள் மண்டலங்கள் இரண்டு மோதிக் கலந்து நீள்வட்ட மண்டலமாதலும் உண்டு.

வாதத்தால் தீராத வழக்கை ஹபிள் பொறுமையான அளவீட்டால் தீர்த்தார். அவர் கணக்கைப் பின்வந்தோர் திருத்தினர். அவர் திறந்த வழியிலேயே நடந்து திருத்தினர். அறிவியல் வளரும் முறை இதுவே.