கான் சாஹிப்: துரோகியா, தியாகியா?

ஒக்டோபர் மாதம் பிறந்தால் நமது வாட்ஸ்அப் குழுமங்களில் மருதநாயகம் என்ற முஹம்மத் யூஸுப் கானைப் பற்றிய பதிவொன்று தவறாமல் வந்து சேரும். வெள்ளையரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய முஸ்லிம் மாவீரர் என்று அதில் எழுதியிருக்கும். நானும் அதைப் பகிர்ந்திருக்கிறேன். ஒருநாள் வரலாற்றுப் பாடத்துக்கு இடையே வகுப்பிலும் சொன்னேன். பதினோராம் தரத்து மாணவி ஒருத்தி எழுந்து, எதிர்ப்பதற்கு முன்னர் அவர் யாருடைய படையில் இருந்தார் சேர் என்று கேட்டாள். உரிய பதில் என்னிடம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்த பிறகே அவளுக்குப் பதில் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

இராமநாதபுரத்துப் பனையூரில் 1725ஆம் ஆண்டளவில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளவயதில் ஊரை விட்டுச் சென்று இஸ்லாத்தைத் தழுவினார். பிரெஞ்சுக்காரரின் பாண்டிச்சேரியில் சிறிது காலம் இருந்தார். 1750களின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கம்பனிப் படையில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் போர்களில் அவர் காட்டிய திறமை அவரைக் கம்பனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக்கியது. 1758இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அந்தப் படையை ஓயவிடாமல் தாக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

நமது பதிவுகளில் வராத பகுதி அடுத்து இருக்கிறது. கம்பனிக்காகத் தென்பாண்டிச் சீமைப் பாளையக்காரர்களை அடக்கியவரும் இதே யூஸுப் கான்தான். கம்பனிக்கு வரி கொடுக்க மறுத்து நின்ற பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டை 1761இல் இவரது பீரங்கிகளுக்கு முன்னால்தான் வீழ்ந்தது.

மதுரையின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தபோது கள்வர் பயம் குறைந்தது. குளங்களும் வாய்க்கால்களும் திருத்தப்பட்டன. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நின்று போயிருந்த மானியத்தையும் மீண்டும் கிடைக்கச் செய்தார். அவரது செல்வாக்கு வளர வளர ஆற்காடு நவாப் முஹம்மத் அலிக்குப் பொறுக்கவில்லை. மதுரை தனக்குரிய நாடு, யூஸுப் கான் தன் ஏவலாள் என்று நவாப் உரிமை கோரினார். கம்பனிக்குப் பெருங்கடன் பட்டிருந்தவர் நவாப். அவரிடம் வருமானம் இருந்தால்தான் கம்பனிக்குப் பணம் திரும்பும். பத்தாண்டு உழைத்த தளபதியை விட்டுவிட்டுக் கம்பனி நவாபின் பக்கம் சாய்ந்தது.

1763இல் யூஸுப் கான் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆங்கிலேயரின் பரம எதிரி நாட்டின் கொடி அது. ஆனால் பாண்டிச்சேரி 1761இலேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது. 1763 பெப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கையோடு இரு நாடுகளுக்கும் இடையிலான போரும் முடிந்துவிட்டது. உதவிக்கு வர முடியாத நாட்டின் கொடியின் கீழ்தான் அவர் நின்றார். ஆதாயம் தேடி அணி மாறுபவர் தோற்ற பக்கத்துக்கு மாறுவதில்லை. நவாபுக்கு அடங்கிப் போக மறுத்தவருக்கு வேறு நிழல் இல்லாமல் போனது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதல் முற்றுகை தோற்றுத் திரும்பியது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலையும் அவர் முறியடித்தார். பிறகு கம்பனி கோட்டைக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தது. பசி உள்ளே புகுந்ததும் உடனிருந்தவர்களின் மனமும் மாறியது. ஒக்டோபர் 13ஆம் திகதி, தொழுகையில் இருந்தவரை அவரது திவான் ஸ்ரீனிவாச ராவும் பிரெஞ்சு அதிகாரி மர்ஷானும் சேர்ந்து பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தனர். 15ஆம் திகதி நவாபின் கட்டளைப்படி மதுரைக்கு வெளியே தூக்கிலிடப்பட்டார். கம்பனி தடுக்கவில்லை. தூக்கிலிட்டவரும் முஸ்லிம், தொங்கியவரும் முஸ்லிம் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

அவரைப் பற்றிய தீர்ப்புகள் அன்றே பலவாகப் பிரிந்தன. ஆங்கிலேயருக்கு அவர் கலகக்காரர். 1914இல் ஹில் என்ற ஆங்கிலேயர் எழுதிய வரலாற்று நூலின் தலைப்பே அவரைக் கலகத் தளபதி என்கிறது. பூலித்தேவரைப் போற்றுவோருக்கு அவர் அந்நியரின் கைவாள். மதுரை மக்களோ அவர் கதையை கான்சாகிபு சண்டை என்று பாட்டாகப் பாடினார்கள். நகரில் கான்சாமேட்டுத் தெரு இன்றும் இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவரது ஸியாரம் இருக்கிறது. 1997இல் கமல்ஹாசன் அவரைப் பற்றிய படத்தைத் தொடங்கியபோது, அந்த விழாவுக்கு இங்கிலாந்து மகாராணியே வந்தார். படம் முடியவில்லை.

அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான். துரோகி என்ற சொல்லைக் கம்பனி சொன்னால் அதற்கு ஒரு பொருள். பூலித்தேவரின் மண்ணில் பிறந்தவர் சொன்னால் அதற்கு வேறு பொருள். முன்னது எசமானின் கோபம், பின்னது காயப்பட்டவரின் நினைவு. முன்னதை நாம் தள்ளிவிடலாம். பின்னதைக் கேட்காமல் கடந்து போக நமக்கு உரிமையில்லை.

இந்த நாட்டில் நமது விசுவாசம் அடிக்கடி கேள்விக்குள்ளாகிறது. அதற்குப் பதிலாக மாவீரர் பட்டியல் ஒன்றை நீட்டும் பழக்கம் நமக்கு வந்திருக்கிறது. பட்டியலில் இடம்பிடிக்க ஒருவரின் வாழ்க்கையில் பாதியை வெட்டி எறிகிறோம். நமக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அல்குர்ஆன் நம்மைப் பணிக்கிறது. அந்தக் கட்டளை வரலாறு எழுதும்போது மட்டும் விலக்களிக்கப்பட்டதல்ல. யூஸுப் கான் பெரிய வீரர், நல்ல நிர்வாகி, அந்நியருக்காகத் தன் மண்ணின் மக்களோடு போரிட்டவர், இறுதியில் அந்த அந்நியரையே எதிர்த்து உயிர் கொடுத்தவர். இந்த நான்கையும் சேர்த்துச் சொன்னாலும் அவர் சிறுத்துப் போக மாட்டார்.

வரும் ஒக்டோபரில் அந்தப் பதிவு எனக்கு வந்தால், பூலித்தேவரின் பெயரையும் சேர்த்து எழுதித்தான் பகிர்வேன். உள்ளங்களில் இருந்ததை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.