பிறருக்காக எழுதிய கை

வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நமக்கு, ஊரிலிருந்து வரும் சொல்லின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் அன்னையின் குரலை இரண்டு நாள் கேளாவிட்டால் படிப்பில் மனம் செல்வதில்லை. நமக்கே இப்படியென்றால், போர்க்களத்தில் கையை இழந்து கிடப்பவன் என்ன செய்வான்? எழுத்தறியாதவன் என்ன செய்வான்? அத்தகையோருக்குத் தம் கையையே கடனாகக் கொடுத்தார் ஒரு கவிஞர். அவர்தாம் வால்ட் விட்மன். 'நகரம்' என்ற கட்டுரையில் நம் பாரதியார் போற்றி எழுதிய அமெரிக்கக் கவி அவரே.

விட்மன் 1819-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். 11 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோத்தார், சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார், பத்திரிகைகள் நடத்தினார். 1855-இல் 12 கவிதைகளைத் தம் செலவிலேயே 'புல்லின் இதழ்கள்' என்ற நூலாக வெளியிட்டார். யாப்பின் தளையை அறுத்தெறிந்த அந்நூலைச் சிலர் போற்றினர், பலர் தூற்றினர்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் ஐக்கியத்தினின்று பிரிந்தன. விட்மனின் தம்பி ஜார்ஜ் வடக்குப் படையில் சேர்ந்தார். 1862 டிசம்பரில் பிரெடரிக்ஸ்பர்க் என்னுமிடத்தில் நடந்த பெரும்போருக்குப் பின், காயமுற்றோர் பட்டியலைப் பத்திரிகைகள் வெளியிட்டன. அதில் தம்பியின் பெயரை ஒத்த ஒரு பெயர், எழுத்துப் பிழையுடன் இருந்தது. அண்ணன் உடனே புறப்பட்டார். வழியில் பணப்பையைப் பறிகொடுத்தார். வாஷிங்டன் மருத்துவமனைகளில் தேடியும் தம்பி கிடைக்கவில்லை. கடைசியில் வர்ஜீனியாவில் படை தங்கியிருந்த இடத்திற்கே சென்றார். அங்கு ஒரு மருத்துவ விடுதியின் எதிரே, மரத்தடியில், வெட்டியெடுத்த கைகளும் கால்களும் குவிந்து கிடக்கக் கண்டார். ஜார்ஜுக்கோ கன்னத்தில் சிறு காயந்தான்!

தம்பி பிழைத்தார், இனி வீடு திரும்பலாம். விட்மன் திரும்பவில்லை. காயமுற்றோருடன் வாஷிங்டன் சென்று அங்கேயே தங்கினார். பகலில் சில மணி நேரம் அரசு அலுவலகமொன்றில் படியெடுக்கும் வேலை. மற்றைய நேரமெல்லாம் மருத்துவமனைகள். பழங்கள், புகையிலை, எழுதும் தாள், உறை, தபால் தலை ஆகியவற்றைத் தோள்பையில் நிரப்பிக்கொண்டு கட்டில் கட்டிலாகச் செல்வார். கேட்டவர்க்குக் கடிதம் எழுதித் தருவார். மூன்றாண்டுகளில் 600 முறைக்கு மேல் மருத்துவமனை சென்றதாகவும், 80,000 முதல் ஒரு லட்சம் வீரர் வரை கண்டதாகவும் அவரே கணக்கிட்டுள்ளார்.

கடிதம் எழுதுவது அத்துணை பெரிய உதவியா என்று தோன்றலாம். அன்று படைவீரர்க்கு அரசு தரும் அடையாளத் தகடு இல்லை. ஒருவன் இறந்தால் வீட்டிற்கு அறிவிக்க ஒழுங்கான ஏற்பாடும் இல்லை. பிழை மலிந்த பத்திரிகைப் பட்டியல் அல்லது தோழன் எழுதும் மடல், இவையே வழி. மகன் இருக்கிறானா, இல்லையா என்பதே அறியாமல் தாய்மார் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

விஞ்ஞானம் பயில்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். அப்போரில் குண்டுக்கு இறந்தோரைவிட நோய்க்கு இறந்தோரே மிகுதி. கிருமிகளைப் பற்றி மருத்துவர்கள் அறியார். லிஸ்டர் தம் கிருமிக்கொல்லி முறையை வெளியிட்டதே 1867-இல்தான். மருத்துவம் கைவிட்ட இடத்தில் மனிதனுக்கு மனிதன் செய்யக்கூடியதாக எஞ்சியது, அருகில் அமர்வதுதான்.

1863 கோடையில் குழல் வாசிக்கும் இளைஞன் ஒருவன் டைபாய்டு காய்ச்சலால் படுத்திருந்தான். அவன் குழல் பக்கத்துச் சிறு மேசையில் இருந்தது. நலமானால் வாசித்துக் காட்டுவதாகவும், ஆனால் தனக்கு இன்னும் நன்றாக வாசிக்க வராதென்றும் விட்மனிடம் சொன்னான். ஆகஸ்டு 2-ஆம் நாள் இறந்தான். விட்மன் அவன் பெற்றோருக்கு எழுதிய நீண்ட மடலில் அந்தக் குழலையும் மறவாமல் குறித்தார். மகன் தனியே இறக்கவில்லை என்ற ஆறுதல் அப்பெற்றோர்க்குக் கிட்டியது.

போர் முடிந்தும் அவர் பணி முடியவில்லை. 1866 ஜனவரியில், நுரையீரல் நோயுற்ற ஒரு வீரனுக்காக அவன் மனைவிக்கு எழுதினார். அடியில், இதை எழுதியவர் வால்ட் விட்மன், ஒரு நண்பர் என்று தம்மைக் குறித்துக் கையொப்பமிட்டார். ஓய்வூதியக் கோப்பொன்றில் உறங்கிய அம்மடல், 150 ஆண்டுகள் கழித்து 2016-இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

இத்தொண்டுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1864-இல் உடல் தளர்ந்து சில திங்கள் வீடு சென்று கிடந்தார். 1865-இல், அவர் கவிதை ஒழுக்கக் கேடானது என்ற காரணத்தால் அரசு வேலை போயிற்று. நண்பர்கள் வேறு வேலை தேடித் தந்தனர். 1873-இல் பக்கவாதம் தாக்கியது. 1892 மார்ச் 26-ஆம் நாள் நியூ ஜெர்சியிலுள்ள கேம்டன் நகரில் காலமானார்.

நண்பர்களே! இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு இந்நகரத்து மருத்துவமனையொன்றில், காலொடிந்து கிடந்த நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவரைக் கண்டேன். எங்கே வலிக்கிறதென்று சொல்ல அவருக்கு இந்தி தெரியாது. பத்து நிமிடம் நின்று மொழிபெயர்த்தேன். நாளை வருகிறேன் அண்ணே என்றேன். மறுநாள் ஆய்வுக்கூட வேலை. அதற்கடுத்த நாள் தேர்வு. நான் போகவேயில்லை. விட்மன் வரலாற்றைப் படித்தபோது அந்த அண்ணனின் முகந்தான் கண்முன் நின்றது.

நம் சங்கத்திலிருந்து ஞாயிறுதோறும் இருவர் மருத்துவமனை சென்றால் என்ன? கவிஞராக இருக்க வேண்டியதில்லை. தமிழும் இந்தியும் தெரிந்த நாவும், ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். முதல் ஞாயிறுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.