பசியோடு நடந்த பத்து மைல்

மட்டக்களப்பு நகரில் வாவியின் கரையோரமாக ஒரு பூங்கா இருக்கிறது. காந்தி பூங்கா என்பது அதன் பெயர். அங்கே காந்தியடிகளின் சிலையொன்று நிற்கிறது. சென்ற வைகாசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, நெஞ்சில் ஒரு சிறு நாணத்தைச் சுமந்துகொண்டு நான் அந்தச் சிலையின் அருகில் அமர்ந்திருந்தேன். அந்த நாணத்தின் காரணத்தை முதலிற் கூறிவிடுகிறேன். பின்னர் நான் கூற வருவது அப்பெரியாரின் வாழ்க்கையைத்தான்.

ஊனையும் மீனையும் விட்ட நான், சில ஆண்டுகளாகப் பாலையும் தயிரையும் நெய்யையுங்கூட விட்டிருக்கிறேன். இதற்கு நனிசைவம் என்று இக்காலத்தார் பெயர் சூட்டியுள்ளனர். வீட்டில் இருக்கும்வரை இதில் இடர் ஒன்றும் இல்லை. பயணம் புறப்பட்டால்தான் சோதனை தொடங்குகிறது. வாவி சூழ்ந்த இந்நாட்டில் மீனும் இறாலும் இல்லாத சாப்பாட்டுக் கடை அரிது. கடையிலே தேங்காய்ச் சம்பல் கேட்டால், அதற்குள் மாசி கலந்திருக்கும். சைவக் கடையைத் தேடிப் புகுந்தால் மீனுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நெய்யும் மோரும் இலையைத் தேடி வந்துவிடும். ஆயினும் கேட்டு உண்பவனுக்கு இந்நாட்டிலே குறைவில்லை. பிட்டு, இடியப்பம், தேங்காய்ப்பாற் சொதி, பருப்புக் கறி, சிவப்பரிசிச் சோறு எனப் பலவும் உண்டு. கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேட்டலில்தான் நான் தவறினேன்.

கண்ணகியம்மன் சடங்கு நடக்கும் காலம் அது. படுவான்கரைச் சிற்றூர் ஒன்றில், தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் உண்ண நேர்ந்தது. சடங்குக் காலமாதலால் அவ்வீட்டில் மரக்கறிச் சமையலே நடந்தது. ஐயமின்றி அமர்ந்தேன். உணவு முடியும் தறுவாயில் அவ்வீட்டு மூதாட்டியார், அவ்வூர் வழக்கப்படி மனே என்று வாயார அழைத்து, சட்டி நிறைந்த எருமைத் தயிரைக் கொண்டுவந்து முன்னே வைத்தார். மட்டக்களப்புத் தயிரின் பெருமையை அறியாதார் யார்? நான் உண்மையைக் கூறவில்லை. தயிர் என் வயிற்றுக்கு ஒவ்வாது என்று பொய் கூறித் தப்பினேன். அம்முதியவர் மிகவும் வருந்தி, என் நோய் தீரக் கைமருந்து வேறு கூறத் தொடங்கிவிட்டார். அந்த அன்பு என்னைச் சுட்டது.

சிலையின் அருகில் அமர்ந்தபோது, இதே இக்கட்டில் ஓர் இளைஞர் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நின்ற காட்சி என் கண்முன் தோன்றியது.

மோகனதாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில், புலால் உண்ணாத வைணவக் குடியிற் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் நண்பன் ஒருவனின் சொல்லை நம்பி, உடல்வலிமை பெறுவதற்காக மறைவில் ஆட்டிறைச்சி உண்டார். முதல் நாளிரவு, உயிருள்ள ஆடொன்று தம் வயிற்றினுள் கத்துவதுபோல உணர்ந்து பலமுறை திடுக்கிட்டு எழுந்தாராம். எனினும் ஓராண்டளவு அவ்விருந்துகள் இடையிடையே தொடர்ந்தன. பின்னர் அவர் அவற்றைக் கைவிட்டதன் காரணம் நம் கருத்துக்குரியது. இறைச்சி தீது என்ற எண்ணம் அன்று அவருக்கு உண்டாகிவிடவில்லை. உண்ட நாட்களில் தாயிடம் பசியில்லை என்று பொய் கூற வேண்டியிருந்ததே, அதைத்தான் அவருடைய நெஞ்சு பொறுக்கவில்லை.

சட்டக் கல்வியை நாடி 1888 செப்டம்பர் மாதத்தில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்று சமணத் துறவி ஒருவர் முன்னிலையில் வாக்குறுதி பெற்ற பின்னரே அன்னை புத்லிபாய் மகனுக்கு விடை கொடுத்தார். கப்பலில் எந்த உணவில் எது கலந்திருக்கிறது என்று பரிசாரகரிடம் கேட்கக் கூச்சம். ஆங்கிலம் பேசவும் தயக்கம். ஆகவே ஊரிலிருந்து கொண்டு சென்ற பழங்களையும் இனிப்புகளையும் தம் அறையிலேயே உண்டு அவர் நாட்களைக் கழித்தார்.

இலண்டனிலோ பசியே அவருக்கு உற்ற துணையாயிற்று. உப்பும் உறைப்பும் இன்றி வேகவைத்த காய்கள் அவருக்கு இறங்கவில்லை. விடுதி அம்மையார் தரும் இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகள் போதவில்லை. இன்னும் வேண்டும் என்று கேட்கவோ நாணம் தடுத்தது. புலால் உண்ணுமாறு நண்பர் ஒருவர் நாள்தோறும் வாதாடினார். வாதத்தில் வெல்லும் ஆற்றல் காந்திக்கு இல்லை. வாக்குறுதியை விடமாட்டேன் என்ற ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்பக் கூறினார்.

நகரில் மரக்கறி உணவுச்சாலைகள் உண்டு என்று விடுதி அம்மையார் கூறியதை நம்பி, அவர் தேடப் புறப்பட்டார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடப்பார். மலிவான கடையொன்றிற் புகுந்து ரொட்டியை வயிறு நிறைய உண்பார். நிறைவு பெறாமலே திரும்புவார். இவ்வாறு அலைந்து ஒரு நாள் பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்டார். விரும்பிய பொருளைக் கண்ட குழந்தையைப்போல அவர் மகிழ்ந்தார். உள்ளே நுழையும் முன், கதவருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு வைத்திருந்த நூல்கள் அவர் கண்ணிற் பட்டன. மரக்கறி உணவுக்காக ஹென்றி சால்ட் பரிந்து எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு, நேரே உணவறைக்குச் சென்றார். இங்கிலாந்து வந்தபின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

வயிறு நிறைந்தது சிறிய செய்தி. அதுவரை தாய்க்குக் கொடுத்த சொல்லுக்காகப் புலாலை விலக்கி வந்தவர், அந்நூலைப் படித்து முடித்தபின் தம் அறிவும் மனமும் ஒப்ப விலக்கலானார். பிறர் இட்ட கட்டளை அன்றுமுதல் தம் கொள்கையாயிற்று.

ஆனால் கொள்கையாகிவிட்டால் வழி எளிதாகிவிடுமா? புலால் வாதாடிய அந்த நண்பர், ஒரு நாள் நாடகத்துக்கு முன்பாக ஹோல்பர்ன் என்ற பெரிய உணவுச்சாலைக்கு அவரை விருந்துக்கு அழைத்துச் சென்றார். முதலில் வடிசாறு வந்தது. அது எதனால் ஆனதென்று நண்பரிடம் கேட்க அஞ்சிய காந்தி, பரிசாரகரை அருகழைத்தார். நண்பருக்குச் சினம் மூண்டது. நாகரிகமான அவையில் நடந்துகொள்ளத் தெரியாவிட்டால் வெளியே வேறெங்கேனும் உண்டுவிட்டுக் காத்திருக்குமாறு அவர் கூறினார். காந்தி மகிழ்ச்சியோடு எழுந்து வெளியேறினார். அருகிலிருந்த மரக்கறி உணவுச்சாலையோ அந்நேரம் மூடிக் கிடந்தது. அன்றிரவு பட்டினியோடு நாடகம் பார்த்தார்.

இன்னொரு முறை பிரைட்டன் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றபோது, உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. எதில் எது கலந்துள்ளது என்று அறிய மாட்டாமல் விழித்த அவருக்கு, அதே மேசையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர் உதவிக்கு வந்தார். பட்டியலை விளக்கி, உண்ணத் தக்கவற்றைக் காட்டினார். அந்த அறிமுகம் நட்பாக வளர்ந்தது. இலண்டனில் ஞாயிறுதோறும் அவ்வம்மையார் இல்லத்தில் விருந்து. அக்காலத்தில் இந்திய மாணவர்கள் தாம் மணமானவர் என்பதை மறைப்பது வழக்கம், காந்தியும் மறைத்திருந்தார். அம்மையார் அவரை இளம்பெண்களோடு பழகவைத்து, திருமணத்துக்கு வழிகாட்டுவது போன்ற நிலை வந்தது. இனியும் மறைப்பது தகாது என்று உணர்ந்து, தமக்கு மனைவியும் மகனும் உண்டென்று கடிதம் எழுதி மன்னிப்பு வேண்டினார். அம்மையார் சினந்தாரில்லை. நகைத்து வரவேற்றார், விருந்தும் தொடர்ந்தது.

முட்டையைப் பற்றியும் ஒரு சிக்கல் எழுந்தது. இங்கிலாந்தில் சிலர் முட்டையைப் புலாலாகக் கொள்வதில்லை. அதை நம்பிச் சில நாள் உண்ட காந்தி, வாக்குறுதி வாங்கிய தாயார் எதைப் புலால் என்று கருதினாரோ அதுவே தமக்கும் புலால் எனத் துணிந்து முட்டையை விட்டார். அதன்பின் மரக்கறி உணவுச்சாலையிற்கூடப் பண்டங்களில் முட்டை உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதாயிற்று. கப்பலில் வாய் திறக்க நாணியவர் கேட்கப் பழகிக்கொண்டார். தாம் குடியிருந்த பகுதியில் மரக்கறியாளர் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். கவிமணியின் ஆசிய ஜோதிக்கு மூலமான ஆங்கிலக் காவியத்தைப் பாடிய எட்வின் ஆர்னால்டு அதன் துணைத் தலைவர், காந்தி செயலாளர்.

1891ஆம் ஆண்டு தாயகம் திரும்புமுன் மரக்கறி நண்பர்களுக்கு அவர் ஒரு விருந்தளித்தார். எங்கே தெரியுமா? அதே ஹோல்பர்ன் உணவுச்சாலையில்! மரக்கறி உணவுச்சாலையில் மரக்கறி கிடைப்பதில் வியப்பென்ன, மற்ற இடத்திலும் ஏன் கிடைக்கலாகாது என்று எண்ணி, நிர்வாகியிடம் பேசி முற்றிலும் மரக்கறியான விருந்துக்கு ஏற்பாடு செய்தார். எழுந்து உரையாற்றும்போது மட்டும் பழைய கூச்சம் வந்துவிட்டது; நன்றி கூறி அமர்ந்துவிட்டார். வாக்குறுதி வாங்கிய அன்னையோ அப்போது உயிரோடில்லை. அச்செய்தியை அவர் அறிந்தது நாடு திரும்பிய பின்னரே.

தென்னாப்பிரிக்காவிலும் மரக்கறி உணவுச்சாலைகள் அவர் வாழ்வோடு பின்னிக் கிடந்தன. ஜோகன்னஸ்பர்க் நகரில் ஒரு பெண்மணி பெரிய அளவில் தொடங்கிய உணவுச்சாலைக்காக, தம்மை நம்பிப் பணம் ஒப்படைத்திருந்த ஒருவரின் இசைவோடு 1,000 பவுன் கடன் கொடுத்தார். அது திரும்பவில்லை. நட்டத்தைத் தாமே ஈடுசெய்தார். நல்ல நோக்கமாயினும் பிறர் பணத்தை அதில் இடுதல் தவறு என்று பின்னாளில் எழுதினார். அத்தகைய உணவுச்சாலை ஒன்றிலேதான் 1904இல் போலக் என்ற இளைஞர் அவருக்கு அறிமுகமானார். டர்பனுக்குப் புறப்பட்ட காந்தியிடம் வழியிற் படிக்க ரஸ்கின் நூலொன்றைக் கொடுத்தவர் அவரே. அந்த இரயில் பயணத்தின் பயனாகப் பீனிக்ஸ் குடியிருப்பு பிறந்தது.

1910இல் தோன்றிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர், குஜராத்தியர், ஆந்திரர் முதலியோர் ஒன்றாக வாழ்ந்தனர். இந்துக்களோடு முஸ்லிம்களும் கிறித்தவரும் பார்சிகளும் இருந்தனர். புலால் வேண்டுவோருக்கு அதை மறுக்கும் உரிமை தமக்கில்லை என்பது காந்தியின் எண்ணம். நிலைமையை எடுத்துரைத்து அவர்களிடமே கேட்டார். அவர்களே மரக்கறிக்கு இசைந்தனர். அங்கேதான் 1912இல், மாடுகளிடமிருந்து கொடுமையான முறையிற் பால் கறக்கப்படுவதை அறிந்து, நண்பர் காலன்பாக்கோடு அவர் பாலைத் துறந்தார். நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஒலிவ எண்ணெய் ஆகியவை உணவாயின. 1914இல் இலண்டனில் நோயுற்றபோது, தாம் குருவாகப் போற்றிய கோகலே வற்புறுத்தியும் பாலைத் தொடவில்லை.

இதுவரை வெற்றியின் கதை. இனி வருவது வேறு. 1918இல் அவரைப் பற்றிய வயிற்றுக்கடுப்பு உயிருக்கே கேடாய் முற்றியது. பால் அருந்தினாலன்றி உடல் தேறாது என்றார் மருத்துவர். மாட்டுப்பாலையும் எருமைப்பாலையும் எண்ணித்தானே விரதம் பூண்டீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று படுக்கையருகே நின்ற கஸ்தூரிபா கேட்டார். காந்தி பணிந்தார். தொடங்கிய போராட்டத்தை நடத்த உயிர் வாழ வேண்டும் என்ற ஆசை அவரை வென்றது. விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொன்றுவிட்டதாக அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டு வருந்தியுள்ளார். 1927 நவம்பரில் அவர் நம் இலங்கைக்கு வந்தார். 1931 நவம்பரில் இலண்டன் மரக்கறியாளர் கூட்டத்தில், ஒரு ஷில்லிங் நூலை எழுதிய முதியவர் சால்ட் அருகிலிருக்க உரையாற்றினார். பாலையும் விலக்குவோருக்கென ஆங்கிலத்தில் ஒரு தனிச்சொல் 1944இல் உருவாயிற்று. ஆயினும் 1948 ஜனவரி 30ஆம் நாள் மறையும்வரை ஆட்டுப்பால் அவரை விட்டு நீங்கவில்லை. அதைப் பற்றிய மனவருத்தமும் நீங்கவில்லை.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. உணவு விரதத்தில் அப்பெரியாரும் தோற்றதுண்டு, தோல்வியை மறைத்ததில்லை. நானோ விரதத்தைக் காத்தேன். அதற்குக் காவலாக ஒரு பொய்யை நிறுத்தினேன். இரண்டில் எது பெரிய தோல்வி?

மறுவாரம் மீண்டும் படுவான்கரைக்குச் சென்றேன். அம்மூதாட்டியாரிடம் என் வயிற்றில் நோய் ஏதும் இல்லை என்பதையும், தயிரை விட்ட காரணத்தையும் கூறி, பொய்யுரைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தேங்காய்ப்பாலும் ஆகாதோ என்று வினவினார். ஆகும் என்றேன். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கடிந்துகொண்டே, தேங்காய் துருவ அடுக்களைக்குட் சென்றார்.